டம்ளர் பாலில் அண்ணனின் பல்

பேரன்புள்ள சித்திக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அண்ணனின் முன்பல் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம்.

இதைப் பல் மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணனும் அப்பாவும் உள்ளே இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய முதலுதவிப் புத்தகம் என் மடியில் இருக்கிறது. இதை வாங்கித் தந்ததற்கு நீங்கள் பெருமைப்படலாம்.

சாயங்காலம் அப்பாவின் கடிகாரக் கடையில் சுவர்க்கடிகாரம் மாட்ட ஸ்டூலில் ஏறிய அண்ணன், வழுக்கி மேசை விளிம்பில் வாயை மோதிக்கொண்டான். எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம், நடுவில் ஓட்டை. வெள்ளிக்கிழமை அவனுக்கு ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு. சின்ன வயதிலிருந்தே குளியலறையில் ரயில்களை வரவழைத்துக்கொண்டிருப்பவன். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, "இனிமே நான் கூப்பிட்டா எல்லா ரயிலும் விசிலடிச்சுக்கிட்டேதான் வரும்" என்றான்.

"யாரும் அசையாதீங்க" என்றார் அப்பா. சின்னத் திருகாணி விழுந்தாலும் இதையேதான் சொல்வார். தரையில் படுத்து டார்ச்சைக் கிடையாக அடித்தால் தூசுக்குக்கூட மலை மாதிரி நிழல் விழும். நானும் படுத்தேன். தரை விடியப்போகிற தூரத்து ஊர் போலத் தெரிந்தது. அதன் கோடியில் பல் மங்கலாகக் கிடந்தது, ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் ஒல்லியாக. வேரைத் தொடக்கூடாது என்பதால் அகலப் பக்கத்தைப் பிடித்து எடுத்தேன். உடனே குழியிலேயே திருப்பி வைப்பதுதான் உத்தமம் என்று புத்தகம் சொல்கிறது, ஆனால் அண்ணன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டான், அதற்குள் அப்பா பிரஷ்ஷோடு வந்துவிட்டார்.

"கொடும்மா. எதையும் கழுவாம நான் திருப்பி மாட்டினதே இல்ல. கிரீஸ் ஒட்டியிருக்கு பாரு."

"வேரைத் தேய்க்கக்கூடாதுப்பா. உயிர் போயிடும்."

"யாருக்கு?"

"பல்லுக்கு."

அப்பா அதை வாங்கி, கண்ணில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தில் சொன்னபடி, அம்மா கொண்டுவந்த பாலில் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் கடையில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டியதால் பல் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. பேருந்தில் டம்ளரை மடியில் வைத்திருந்தேன். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பாலில் இறங்கி ஏறின, பல் மேகத்துக்குள் போன நிலா மாதிரி அடியில் உறங்கியது. "குடிச்சிடு பாப்பா, சிந்திடப் போவுது" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். முடியாது, உள்ளே அண்ணன் பல் இருக்கு என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள், தம்பிக்கு முத்தங்கள். எல்லோருடைய பற்களும் அவரவர் வாயிலேயே நீடூழி இருக்கட்டும்.

அன்பு மகள்

பி.கு.: இப்போதுதான் மருத்துவர் டம்ளரோடு வெளியே வந்தார். "இது பல் இல்லம்மா, அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற திருகு" என்றார். பல் எங்கும் விழவில்லையாம், அடிபட்டு ஈறுக்குள்ளேயே ஏறிவிட்டதாம். கம்பி போட்டு மெதுவாக இறக்கிவிடலாம், தேர்வைத் தள்ளிவைக்கச் சீட்டும் எழுதித் தருகிறாராம். அப்பா சொன்னபடி கழுவியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். பின்னாலேயே வந்த அப்பாவிடம், "லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களேப்பா" என்றேன். "லென்ஸ் முழுக்கக் கண்ணுத் தண்ணிம்மா" என்றார். உள்ளேயிருந்து அண்ணன் விசிலோடு அறிவிக்கிறான்: "பயணிகளின் கவனத்திற்கு. முன்பல் சற்றுத் தாமதமாக வந்து சேரும்."