ஒன்பது போக மீதி நாற்பது

“கேட்டா தெரிஞ்சதைச் சொல்லிட்டு வேலையைப் பாருங்களேன். எதுக்கு இப்படி குறுக்கும் நெடுக்கும் நடக்குறீங்க?”

“உனக்கு அரசியல் தெரியாது. முதல்ல இல்லைன்னு சொல்லிடணும். அப்புறம்தான் என்ன கேள்வின்னே கேக்கணும்.”

“அப்படி மறைக்க உங்ககிட்ட என்னதான் இருக்கு?”

“ஒண்ணும் இல்லை.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி வேர்க்குது?”

தலைவரும் மனைவியும் பேசிக்கொண்ட இதை வாசலில் நின்ற இரண்டு விசாரணை அதிகாரிகளும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மணியை அழுத்தினார்கள்.

தலைவர் நாளை காலை துணை மந்திரியாகப் பதவியேற்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லோருக்கும் நடக்கிற விசாரணைதான் இது. நேற்றே வந்தார்களாம், அவர் கட்சி ஆபீசில் இருந்ததால் இன்று வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். மனைவி கதவைத் திறந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

மூத்த அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். வெளிநாட்டுக்காரர் யாருடனாவது தொடர்பு உண்டா என்று ஒரே ஒரு கேள்வி. தலைவர் கண்ணாடியைக்கூடப் போடாமல் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம்தான் அதிகாரி இன்னொரு தாளை எடுத்தார். இந்த வீட்டு போனிலிருந்து ஆறு மாதத்தில் நாற்பத்தொன்பது முறை ஒரே வெளிநாட்டு எண்ணுக்குப் பேசியிருக்கிறார்கள். அந்த எண் அந்த நாட்டு வெளியுறவுத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டு எண்.

தலைவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்பதா? யார் பேசினது?

அந்த போன் ரெண்டு வருஷமாக ரிப்பேர் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஹால் மூலையில் போன் அடித்தது.

மூத்தவர் போனைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். மணி மட்டும் அடிக்கும், பேச முடியாது என்றார் தலைவர். அதற்குள் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து எடுத்து, “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். இளைய அதிகாரி, இருபத்தைந்து வயதுப் பெண், குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள்.

சரி, பேச முடியும்தான், ஆனால் பேசுவது பக்கத்து வீட்டுக்காரர், அவர் வீட்டில் போன் கிடையாது, பாவம் என்று அடிக்கடி பேச விடுவோம் என்றார் தலைவர்.

“எந்தப் பக்கத்து வீடு?”

“இந்தப் பக்கம்.”

“அது காலி மனை, சார்.”

“அந்தப் பக்கம்.”

“அது போலீஸ் ஸ்டேஷன்.”

தலைவர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மூத்தவர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார், இந்த நாற்பத்தொன்பது அழைப்பும் என்று. தலைவருக்குத் தாங்கவில்லை.

“நாப்பத்தொன்பது எப்படி சார் வரும்? ஒன்பதுதானே!”

இளைய அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

தலைவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கிசுகிசுவென்று எல்லாவற்றையும் சொன்னார். படிக்கப் போன ஒரே மகள் அங்கேயே ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அது சம்பந்தி வீட்டு எண். அப்பாகிட்ட மட்டும்தான் சொல்றேன், அம்மா தாங்க மாட்டாங்க என்று அழுதாள். செல்போன் எப்போதும் உதவியாளர் கையில் இருக்கும். அதனால் மனைவி மார்க்கெட் போகிற நேரம் பார்த்து வீட்டு போனில் பேசுவார். எண்ணி ஒன்பது தடவை. மீதி நாற்பது யார் பேசியது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது.

மூத்தவர் பெருமூச்சு விட்டார். “வெளிநாட்டுல சம்பந்தி இருக்கிறது தப்பே இல்லை, சார். ஆமான்னு எழுதியிருந்தா இந்நேரம் காபி குடிச்சிட்டுப் போயிருப்போம். இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. இதை நான் மேலே அனுப்பித்தான் ஆகணும். நாளைக்குப் பதவியேற்பு கஷ்டம்.”

“பதவி போனா போகட்டும் சார்.” தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாம். முப்பது வருஷத்துல அவகிட்ட நான் மறைச்சது இது ஒண்ணுதான்.”

இளைய அதிகாரி தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

“நேத்து அந்த நாப்பதும் தான் பேசினதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு உங்க வீட்டம்மாவும் இதையேதான் கேட்டுக்கிட்டாங்க சார், உங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்னு.”

இப்போது தலைவர் சமையலறை வாசலில் நிற்கிறார். உள்ளே போய் முதலில் என்ன சொல்லலாம்? ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு ஏதாவது தோன்றினால், தயவுசெய்து கீழே எழுதுங்கள்.