அக்கா வீட்டை நேரலையில் விற்ற கதை

நனைந்த குங்குமத்தின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கோயிலாக இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். (பக்தி குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் என் அக்காவிடம் கேட்கவும்.)

சப்பிரகமுவ மாகாணத்துக் குருவிட்டவில், இறப்பர் தோட்டத்துக்குப் பின்னால் அக்காவின் வீடு. கொழும்பில் அவள் மகள் நிறைமாதம். பிள்ளை பிறக்குமுன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட வேண்டும் என்ற தவிப்பு அக்காவுக்கு. தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றாள்.

"இந்தக் காலத்துல வாயால சொல்லியா வீடு விக்கிறாங்க? போன் எதுக்கு இருக்கு?" என்றேன்.

ஃபேஸ்புக்கில் போட்டேன். கிணறு, பலாமரம், ஓட்டில் தாளம் போடும் மழை என்று உருகி உருகி எழுதினேன். கனடாவிலிருந்தெல்லாம் இதயம் அனுப்பினார்கள். யாரும் விலை கேட்கவில்லை. கடைசியில் கொழும்புக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னது.

தோட்டத்துப் பாதையில் சிக்னல் கிடையாது; மேப் ஆளைக் கொண்டுபோய் ஆற்றில் விடும். என் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்தேன். குங்குமத்தைக் கரைத்து முக்கினேன். மெயின் ரோட்டிலிருந்து அக்கா வாசல்வரை கட்டினேன். 'சிவப்புக் கொடியைப் பார்த்து வரவும்' என்று மெசேஜும் அனுப்பினேன்.

அன்றிரவு மழை. சப்பிரகமுவ மழை.

விடிந்தபோது பாதை நெடுக வெள்ளைக் கொடி. எங்கள் பக்கம் வெள்ளைக் கொடி போய் முடிகிற வீடு சாவு வீடு. குங்குமம் கரைந்து கொடி வெளுத்தது எனக்கெங்கே தெரியும்? சிக்னல் விழும் ஒரே இடமான கிணற்றடியில் நின்று, வீட்டை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பார்வதி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசல் பெருக்கிய அக்கா நிமிர்ந்தாள்.

"யாரு பார்வதி செத்தது?"

"ஐயோ, நீங்கதான்னு நெனச்சேங்க!"

நேரலையில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' கொட்டத் தொடங்கின. கொழும்புக் குடும்பம் கூப்பிட்டது.

"மெயின் ரோட்ல நிக்கிறோங்க. கொடியப் பார்த்தோம். சாவு வீட்டுல எப்படிங்க வெல பேசுறது? நாங்க திரும்பிப் போறோம்."

"சாவு வீடு இல்லீங்க!" என்று கத்துவதற்குள் லைன் போய்விட்டது. ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு, அட்டைக்குக் கொஞ்சம் ரத்தம். ரோட்டில் வேனின் புகைதான் மிச்சம்.

திரும்பி வந்தபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். "அங்க புள்ள பொறக்கப்போவுது. நான் இங்கயே கெடக்க வேண்டியதுதான்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்நேரம் துக்கம் கேட்க, சீனிப் பார்சலோடு வந்தார் சுனில் பாஸ். கீழ்ச்சந்தில் இருக்கும் மேசன் (மேசன்மாரை இங்கே 'பாஸ்' என்போம்), பட்டன் போன்காரர். நடந்ததைச் சொன்னோம். சிரிக்கவில்லை, தன் சிங்களத் தமிழில் கோபப்பட்டார்.

"விக்கிறதா? எனக்கு ஏன் சொல்லல? மகனுக்கு ரெண்டு வருசமா கிட்டவே வீடு தேடுறது நான்!"

கனடாவரை சொன்னவன் கீழ்ச்சந்துக்குச் சொல்லவில்லை.

அந்த மாதமே வீடு கைமாறியது. இப்போதும் சொந்தத்தில் யாராவது காணி விற்பதென்றால், என்னைக் காட்டி, "மொதல்ல மாமாகிட்ட போனை வாங்கி வைங்க" என்கிறார்கள்.

அக்கா கிளம்பிய அன்று, சாமான் ஏற்றிய லொறி உறுமியது. முன்சீட்டிலிருந்து அக்கா தலையை நீட்டினாள்.

"தம்பி, கொழும்புல எறங்கினதும் கோல் எடுக்கிறேன். அதுவரைக்கும் என்னயப் பத்தி ஒண்ணும் போட்டுறாத."