பின்வளவுக்கு ஒரு மான்

"பின்வளவில ஒரு மான் வந்து நிண்டது, துர்க்கா. அதைப் பாத்த அண்டைக்குத்தான் எனக்கு ரெண்டு வாய் சோறு இறங்கினது."

தொலைபேசியைக் காதில் வைத்துத் தோழிக்கென்று யோகமலர் சொன்னது இது. உடுப்புக்கூடையோடு பேஸ்மென்ற் படியேறி வந்த அவள் கணவர் இராசரத்தினம் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று ரீவி சொல்லி ஆறு நாள். யோகமலரின் தம்பி எந்த முகாமில் இருக்கிறான், இருக்கிறானா என்றே செய்தியில்லை. அவனுக்குச் சைக்கிள் பழக்கியவர் இராசரத்தினம். வேலையால் வந்தால் ரீவிக்கு முன்னால் இருப்பார், படுக்கத்தான் எழும்புவார். யோகமலர் சிரித்து நாலு மாதம். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. வாயைத் திறந்தால் இருமல்தான் வரும். ஆனால் மானை வரவழைக்கலாம். அந்தப் படியிலேயே, உடுப்புக்கூடை சாட்சியாக, சபதம் எடுத்தார். மலருக்கு மான். மானைப் பார்த்தால் மலர் சிரிப்பாள்.

கனடாவின் வோபர்னில் அவர்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் ஓடைப் பள்ளம். அதில் மான்கள் உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் றொபேட் வேட்டைக்காரன். வடக்கே மானுக்கென்றே பயிர் வைப்பவன். சாப்பாட்டு நேரத்தில் வகுப்பெடுத்தான். பட்டாணி போடு, அது மானுக்குப் பலகாரம். டேர்னிப் போடு, கிழங்கை விடு, இலைக்கு வரும். ஓரத்தில் குளோவர் புல்லு, அடுத்த வருசமும் நிற்கும். சொல்லி முடித்தவன் இராசரத்தினத்தின் திறக்காத சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தான்.

சனிக்கிழமை மண்ணைக் கொத்தினார்.

"என்ன விதைக்கிறியள்?"

"புல்லு."

"புல்லுக்கு ஏன் பாத்தி?"

"இது கனடாப் புல்லு."

"விதை பட்டாணி மாதிரிக் கிடக்கு."

"பெரிய புல்லு."

அவள் மேலே கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டபோதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஐந்து வாரத்தில் பாத்தி பச்சைப்பசேலென்று எழும்பியது. மான் வரவில்லை. விடியவிடியத் தேத்தண்ணியோடு யன்னலில் நின்றார். வந்தது ஒரு அணில். அதுவும் அவரைப் பார்க்கத்தான் வந்தது.

பிறகு ஒருநாள் வேலையால் வந்தபோது பாதி நிரை மொட்டை.

"இஞ்சாருங்கோ, உங்கட புல்லை மான் திண்டிட்டுது."

"நீர் பாத்தனீரோ?"

"ஓம். நல்ல மான். கொஞ்சம் நரைச்சது."

இராசரத்தினத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்குச் சோறும் இறங்கியது.

"இது என்ன வறை?"

"தமிழ்க்கடையில புதுசா வந்த கீரை."

"நல்லாக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் போடும்."

மான் நாள் தவறாமல் வந்தது. கீரையும் நாள் தவறாமல் வந்தது. சாதித்ததைக் காட்டவேண்டாமா? மான் கடித்த தண்டு ஒன்றைப் பிடுங்கிப் பொலித்தீன் பையில் போட்டு றொபேட்டிடம் கொண்டுபோனார்.

றொபேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மானுக்கு மேல்வாயின் முன்பக்கம் பல்லே இல்லை. அது பிய்க்கும், நுனி கந்தலாக இருக்கும். இது கத்தியால் வெட்டினது." தண்டைத் திரும்பப் பையில் போட்டு, "உன்ர மனிசி கீரை சமைக்கிறவவோ?" என்றான்.

அன்று பின்னேரம் இராசரத்தினம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். வறையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"மலர், அந்த மானுக்கு மேல்வாயில பல்லு இருக்கோ?"

"எல்லாம் இருக்கு. ஒண்டு மட்டும் கட்டின பல்லு."

"அப்ப நீர் துர்க்காவுக்குச் சொன்ன மான்?"

"துர்க்கா அண்டைக்கு வேலையில. போனில ஒருத்தரும் இல்லை. நீங்கள் படியேறுற சத்தம் கேட்டுது."

"ஏனப்பா?"

"ரீவிக்கு முன்னால இருந்து உங்களை எழுப்ப வேற வழி தெரியேல்லை. நாலு மாசம் நான் கட்டித் தந்த பெட்டி அப்பிடியே திரும்பி வந்தது. இப்ப அந்த மான் ரெண்டு கோப்பை திண்ணுது."

சொல்லி முடிக்க முன்னமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

இராசரத்தினம் கோப்பையை நீட்டினார்.