டிரைவரைச் சேர்க்காத எடை

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மச்சினனை மண்ணைக் கவ்வ வைப்பது என்று முடிவு செய்தேன். அவன் பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிப்பவன், புது கார் வாங்கிய நாளிலிருந்து தன் வாயை மூடுவதே இல்லை. "மாமா, உங்க டப்பா தானா வருமா, தள்ளிட்டு வரணுமா?" என்று என் மனைவி எதிரிலேயே கேட்டுவிட்டான்.

விமானம் வராத பழைய ஓடுபாதை ஒன்றில் கால் மைல் கார் பந்தயம் விடுவார்கள். மோதல் அங்கேதான். ஓட்டிப் பார்க்காமலே முடிவு சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. வண்டியின் எடையைக் குதிரைசக்தியால் வகுத்து, கனமூலம் கண்டு, அதற்கென்று உள்ள எண்ணால் பெருக்கினால் எத்தனை விநாடி என்று தெரிந்துவிடும். எடை குறைந்தால் விநாடியும் குறையும். எடை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறவன் நான்.

பின்சீட்டைக் கழற்றினேன். ஸ்டெப்னியை இறக்கினேன். காரை எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்தேன். வீட்டுக்கு வந்து, மச்சினன் காருக்குக் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்த எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால், அவனை அரை விநாடி முந்துகிறேன்!

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்துவிட்டு வருஷக்கணக்காகச் சாவி கேட்கிறவள். கிளட்ச் போய்விடும் என்று வருஷக்கணக்காகக் கொடுக்காதவன் நான்.

"எடை போடும்போது நீங்க உள்ள இருந்தீங்களா?"

"டிரைவர் இறங்கிட்டுத்தான் எடை போடணும். அது எங்க ரூல்."

"பந்தயத்துலயும் இறங்கிடுவீங்களா?"

போட்ட கணக்கை அடித்தேன்.

என்னைச் சேர்த்துப் போட்டேன். தோற்றேன். மச்சினனை அவன் கணக்கில் சேர்த்தேன். ஒல்லிப் பயல், அவன் நேரம் துளிதான் கூடியது. ஞாயிறு வரை பட்டினி கிடந்தாலும் தேறமாட்டேன். என் மானம் கப்பலேறுவது கண்ணெதிரே தெரிந்தது. நிஜமாகவே அழுகை வந்தது.

"இன்னும் எதைக் கழட்டறது?"

"கழட்ட வேண்டியது ஒண்ணுதாங்க பாக்கி" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குப் போட்டுப் பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் சொல்லாத தன் எடையைக் கூசாமல் சொன்னாள். போட்டேன். ஜெயித்தோம்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே ஜெயித்தோம். அதாவது அவள் ஓட்டினாள், நான் வேலிக்கு வெளியே நின்றேன். "அக்கா!" என்று மச்சினன் வாயைப் பிளந்தான். கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. கிளட்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை பின்சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டுக் கை நீட்டினேன்.

"லேட்டாகுது, சாவியைக் குடு."

"பஸ்ல போங்க."

"ஏன்?"

சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"உங்க கணக்குதானே சொல்லுது, நீங்க இல்லாட்டி வண்டி நல்லா ஓடும்னு?"