புகை வராத வீடு

நலங்கொண்டபுரம் என்றொரு நாட்டில் யாரும் சாவதில்லை. அரசர் அப்படி ஆணையிட்டிருந்தார். சங்கும் பறையும் பறிமுதலாயின. படுத்த படுக்கையானவர்களை அரசின் நலமனைக்கு வண்டியில் ஏற்றிப்போனார்கள். அங்கிருந்து ஒருவரும் திரும்பவில்லை. 'நலம்' என்ற ஓலை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. எல்லா ஓலையிலும் ஒரே கையெழுத்து. ஏன் வம்பு என்று யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் பழக்கம் விடுமா? சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். இதை மோப்பம் பிடித்த அரசு, புகைக் கண்காணிப்பாளர்களை நியமித்தது. விடிந்ததும் கூரைகளை அண்ணாந்து பார்த்து, புகை இல்லாத வீட்டில் புகுந்து, பிணத்தை நலமனைக்குத் தூக்கிப்போவது அவர்கள் வேலை. நாளடைவில் குடிகளும் அடுத்த வீட்டுக் கூரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

செங்கமலத்தின் கணவன் வேலப்பன் ஒரு விடியலில் அவள் மடியில் கண்மூடினான். "என்னை அங்க அனுப்பிடாத. நம்ம கொல்லையிலேயே போடு" என்பதுதான் அவன் கடைசியாகக் கேட்டது. பிணத்தைப் பக்கத்தில் கிடத்திவிட்டு அவள் உலை வைத்தாள். கூரையில் புகை எழும்வரை அடுப்பை ஊதினாள்.

புகை சற்றுத் தாமதமாக எழுந்ததால் கண்காணிப்பாளர் திருவேங்கடநாதர் உள்ளே வந்தார்.

"புகை திருப்திகரம். கண் ஏன் கலங்கியிருக்கிறது?"

"பச்சை விறகுங்க ஐயா."

"உன் கணவர் எழுந்து அரசு அதிகாரியை வணங்கவில்லையே?"

"அசந்து தூங்குறாருங்க."

அவர் குனிந்து காலைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"இந்தத் தூக்கம் சட்டத்துக்குப் புறம்பானது. வண்டியை அழைக்கிறேன்" என்று வாசலுக்குத் திரும்பினார்.

செங்கமலம் வழிமறித்தாள். "கூப்பிடுங்க. அதுக்கு முன்னால அங்க பாருங்க. அரண்மனை மடைப்பள்ளியில ஆறு நாளா புகை இல்ல. அங்க சமைக்கிறவங்களும் நம்ம ஜனங்கதான?"

குடிகளின் கூரைகளைப் பார்க்கத்தான் அவருக்கு உத்தரவு. அரண்மனைக் கூரையை அன்றுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே தலைப்பாகையைக் கழற்றினார்.

"அப்போ நேத்து அரசர் பேர்ல வந்த ஆணையில கையெழுத்துப் போட்டது யாரும்மா?" என்றார்.

செங்கமலத்துக்கு அந்தக் கவலை இல்லை. "மண்வெட்டி பின்னால இருக்கு" என்றாள். இருவருமாகக் கொல்லையில் குழி வெட்டினார்கள்.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் அரண்மனையிலிருந்து புகை எழுந்தது. பகலெல்லாம் எழுந்தது. அரசர் நலம் என்று முரசறைந்தார்கள். ஊர் கைதட்டியது. தட்டிக்கொண்டே எல்லாரும் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

சோறு வேகும் வாசனை வரவில்லை.