கிழக்கையும் மேற்கையும் நான் திருத்துன கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. ஒரு நட்சத்திர வட்டத்துக்கு ப்ரூஃப் பார்த்து அனுப்பணும்.

அப்போ சிவகாசியில ஒரு பிரஸ்ல டிடிபி ஆபரேட்டரா இருந்தேன். காலண்டர் சீசன். அதுக்கு நடுவுல சாத்தூர் பக்கத்து அறிவியல் வாத்தியார் ஒருத்தர் இந்த ஆர்டரக் கொடுத்திருந்தார். ரெண்டு வட்ட அட்டை. மேல் அட்டையில ஒரு ஜன்னல். தேதிக்கு நேரா மணி வர்ற மாதிரி திருப்பினா, அந்த நேரத்து வானம் ஜன்னல்ல தெரியும்.

ப்ரூஃபப் பார்த்தேன். மேல வடக்கு. சரி. இடது பக்கம் கிழக்கு, வலது பக்கம் மேற்கு!

எனக்குச் சிரிப்பு தாங்கல. டைரிக்கு டைரி இந்தியா மேப் போடுறவ நான். எங்கிட்டயா?

பைண்டிங் பிள்ளைகளக் கூப்பிட்டுக் காட்டினேன். "வாத்தியாரு லட்சணத்தப் பாருங்கடி. கிழக்கு எதுன்னே தெரியல, நட்சத்திரம் காட்டப் போறாராம்!"

அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பாவம், மனுசன அசிங்கப்படுத்துவானேன்னு நானே ரெண்டையும் மாத்தி அச்சு பிளேட்டுக்கு அனுப்பிட்டேன். எம்புட்டுப் பெரிய மனசு!

அச்சாகி, வெட்டி, ரிவிட் அடிச்சு மொத்த லோடும் ரெடி. மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துல வானம் பாக்குற நிகழ்ச்சி. லோடு எடுக்க வந்த வாத்தியார், "இருட்டிருச்சுல்ல, மாடியில ஒருக்காப் பாத்துருவமே"ன்னார். முதலாளி அண்ணாச்சியும் ஏறி வந்தார். விளக்கம் சொல்ற வாய்ப்ப நான் விடுவேனா?

அட்டையத் திருப்பினேன். "ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மேற்கால இருக்கு அண்ணாச்சி. அந்தா, சிவப்பா!"

"அது டவர் லைட்டும்மா."

வாத்தியார் திரும்பி நின்னு கையக் காட்டினார். "கிழக்கால பாருங்க. மூணு நட்சத்திரம் வரிசையா ஏறுதுல்ல, அதுதான் ஓரியன்."

நான் அசரல. "இருக்காது சார். நீங்க தப்பாப் போட்டிருந்தீக. நான்தான் திருத்துனேன்."

வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?

வாத்தியார் அட்டைய வாங்கித் தலைக்கு மேல கவுத்துப் பிடிச்சார். "இது மேசையில விரிக்கிற மேப் இல்லம்மா. இப்படி அண்ணாந்து பாக்குறது. இப்பச் சொல்லுங்க, கிழக்கு எந்தப் பக்கம் வருது?"

அண்ணாந்து பார்த்தேன். அவர் போட்டிருந்த இடது பக்கமே வந்துச்சு.

அண்ணாச்சி கத்தக்கூட இல்ல. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இதச் சரி பண்ணு. இல்லன்னா நீ இங்கன வர வேண்டாம்"னுட்டு இறங்கிப் போயிட்டார்.

கிழக்கு, மேற்குன்னு ஸ்டிக்கர் அடிச்சு, காலையில இருந்து அட்டை அட்டையா ஒட்டினேன். பைண்டிங் பிள்ளைக என்னையத் தாண்டுறப்பல்லாம், "அக்கா, கேன்டீன் எந்தப் பக்கம்?"னு கேட்டுட்டுப் போனாளுக.

வேலை தப்பிச்சுது. இப்பல்லாம் ப்ரூஃப்ல எழுத்துப்பிழை மட்டும்தான் பாக்குறேன். எங்க உதிக்கணும்ங்கிறத சூரியனே பாத்துக்கிடட்டும்.