பதினெட்டு பக்கமும் ஒரு மீசையும்

நான் சபதம் போட்டா அதுல ஒரு கம்பீரம் இருக்கும். அன்னைக்கும் இருந்துச்சு.

என் பொண்டாட்டி சோபாவுல காலை நீட்டிக்கிட்டு ஒரு காதல் நாவல் படிச்சிட்டிருந்தா. அட்டையில ரோஸ் கலர் குடை. குடைக்குள்ள ரெண்டு பேர். மழையே இல்லை.

"இதையெல்லாம் மனுஷன் படிப்பானா?"ன்னேன்.

"மனுஷங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க. உங்களுக்கென்ன கவலை?"

"நான் இதைத் தொட்டேன்னு வை, என் மீசையை எடுத்துடறேன்!"

தலையைத் தூக்கினா. "எழுதித் தர்றீங்களா?"

எழுதியே தந்தேன். பரீட்சைப் பேப்பர்லகூட நான் அவ்வளவு தெளிவா எழுதினதில்லை.

மீசைன்னா சும்மா இல்லைங்க. காலேஜ் ரெண்டாவது வருஷத்தோட நின்னுபோச்சு. அப்புறம் ஏழு வேலை, ஏழும் நின்னுபோச்சு. என் வாழ்க்கையில முழுசா வளர்ந்தது இந்த மீசை ஒண்ணுதான். இப்போ எட்டாவதா லிஃப்ட் மெக்கானிக். பாதியில நிக்கறதை எல்லாம் போய்ப் பார்க்கற வேலை. என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்துல ரத்தம் எடுக்கற வேலை. 'வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க'ம்பா. நாம அந்தப் பக்கம் பார்க்கறதுக்குள்ள பஞ்சு ஒட்டியிருக்கும். இதை நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.

மறுநாள் அவ வேலைக்குப் போயாச்சு. புக்கு ஃபிரிட்ஜ் மேல கிடக்கு. கிண்டல் பண்ண நாலு வரி கிடைக்குமேன்னு எடுத்தேன். நாலே வரி. சத்தியமா.

கதை இதுதான். அவ நாய்க்கு வைத்தியம் பார்க்கற டாக்டர். அவன் பேக்கரிக்காரன், நாயைக் கண்டா நாலு தெரு தாண்டி ஓடறவன். ரெண்டு பேரும் வீட்டுத் தொல்லை தாங்காம, கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு பொய்யா நடிக்கறாங்க. நடுவுல ஒரு பல் டாக்டர் வேற, எப்பப் பார்த்தாலும் சிரிச்சிக்கிட்டு. சுத்தக் குப்பைன்னு நினைச்சேன். நிமிர்ந்து பார்த்தா நாப்பதாவது பக்கத்துல இருக்கேன். வேலைக்கு ஒரு மணி நேரம் லேட்.

அன்னையிலேர்ந்து புக்கு என் டூல்ஸ் பையிலதான் வந்துச்சு. எட்டு மாடிக் கட்டடம். லிஃப்டை அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிறுத்தி, 'பழுது பார்க்கப்படுகிறது' போர்டை மாட்டிட்டு, உள்ள சம்மணம் போட்டு உக்காந்துடுவேன். வெளியில ஜனங்க மூச்சு வாங்கப் படி ஏறும்.

"தம்பி, இன்னும் முடியலையா?"

"பெரிய கோளாறு சார்!" ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுவேன். அப்புறம் பக்கத்தைத் திருப்புவேன்.

சாயந்திரம் அவ வர்றதுக்குள்ள புக்கு மறுபடி ஃபிரிட்ஜ் மேல. மூணு நாள் இப்படி. மூணாவது நாள் எரநூத்திப் பன்னெண்டாவது பக்கம். நாய் டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்பி ஏர்போர்ட்டுல நிக்கறா. பேக்கரிக்காரன் கை நிறைய மைதாவோட ஓடி வர்றான். குறுக்க ஒரு நாய். கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்தைத் திருப்பறேன், பின்னட்டை!

கடைசி அத்தியாயத்தைக் காணோம். பதினெட்டு பக்கம். பிளேடு வச்சு நறுவிசா அறுத்திருக்கு, ஓரத்தை எண்ணிப் பார்த்துட்டேன்.

கேட்டா மீசை போயிடும். கேக்கலைன்னா உயிரு போயிடும். நாய் கடிச்சுதா, ஃபிளைட் போயிடுச்சா, ஒண்ணும் தெரியாம ராத்திரி சோறு இறங்குமா? தட்டைக் கிளறிக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சேன்.

"ஆமா, அந்தக் குடை புக்கு... முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சே."

"கடைசியில என்ன ஆச்சு?"

"உங்களுக்கெதுக்கு?"

"சும்மா. பொது அறிவுக்கு."

"என்ன ஆகும்? அந்தப் பொண்ணு பல் டாக்டரையே கட்டிக்கிட்டா."

"யாரை?"

"பல் டாக்டரை. நல்ல வசதி. பேக்கரிக்காரனும் கல்யாணத்துக்கு ஒரு கேக் அனுப்பினான்."

"ஏய், அறிவிருக்கா? அவன் ஃபிராடுடி! நூத்தி அறுபதாவது பக்கத்துல அவளோட கிளினிக்கை எழுதி வாங்கப் பார்த்தவனே அவன்தான்! பேக்கரிக்காரன் அவளுக்காக நாயைக் குளிப்பாட்டினானே, பயத்துல நடுங்கிக்கிட்டே, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவ நிதானமா ஒரு வாய் தண்ணி குடிச்சா.

"நூத்தி அறுபதா? நூத்தி அறுபத்தி ரெண்டுன்னு நினைச்சேன்."

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். இந்தப் பக்கம் வேலை முடிஞ்சிருந்தது.

நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் தட்டுக்குப் பக்கத்துல வந்துச்சு. அது மேல ரேஸர்.

"ரெண்டு வருஷமா 'குத்துதுங்க, எடுத்துடுங்க'ன்னு சொன்னேன். காதுல வாங்கினீங்களா?"

"அதுக்காக புக்கை அறுப்பியா?"

"வேற எதை அறுக்கறது?"

பாத்ரூம் கண்ணாடியில பார்த்தா, மூக்குக்குக் கீழ வாடகைக்கு விட்ட இடம் காலியான மாதிரி இருக்கு. மேலுதட்டைத் தடவிக்கிட்டே வந்து கையை நீட்டினேன். "குடு. பதினெட்டு பக்கம்."

பாவம், கொடுத்துட்டா. ஆசையா உக்காந்து ஒரு வரி படிச்சேன். 'நாய் உறுமியது.' காலிங் பெல் அடிச்சுது.

எதிர் ஃபிளாட் அக்கா. என் முகத்தைப் பார்த்தாங்க. என் பொண்டாட்டியைப் பார்த்தாங்க.

"சொன்ன மாதிரியே செஞ்சு காட்டிட்டியேடி! எங்க வீட்டுக்காரருக்குத் தாடி. நெஞ்சு வரைக்கும். நாளைக்கு அந்த புக்கை எனக்குக் குடேன்."

"நாளைக்கு எதுக்குக்கா? இப்பவே எடுத்துட்டுப் போங்க. இதையும்." என் கையிலேர்ந்து பதினெட்டு பக்கத்தையும் உருவிட்டா.

"அடியேய், நான் இன்னும் படிக்கலை!"

"நீங்க படிச்சா நாளைக்கே போய் அவர்கிட்ட முடிவை உளறிடுவீங்க. அவர் தாடி இறங்கட்டும், அப்புறம் திரும்பி வரும்."

"அவர் படிக்கவே மாட்டாரேடி!"ன்னேன்.

"நீங்க படிக்கலையா?"

காலையில படிக்கட்டுல அந்த அண்ணனைப் பார்த்தேன். தாடியைத் தடவிக்கிட்டே வந்தாரு. பாவம், நல்ல மனுஷன். போன மாசம் நான் கேக்காமலே என் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்தினவரு. ஆம்பளைக்கு ஆம்பளை எச்சரிச்சுடணும்னுதான் நிறுத்தினேன்.

"அண்ணே, உங்க வீட்டுல ஒரு குடை போட்ட புக்கு கிடக்குமே..."

"ஆமா தம்பி. அந்தக் குப்பையை எல்லாம் மனுஷன் தொடுவானா?"

அவர் தாடியைப் பார்த்தேன். குறுக்க வந்த அந்த நாயை நினைச்சேன்.

"நாப்பது பக்கம் மட்டும் படிச்சுப் பாருங்கண்ணே"ன்னேன்.